ஓடுகிற அரட்டைச் சேர்வரை ஏன் தொட வேண்டும்?

கேள்வி இதுதான். வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையம். ஊரில் இருப்பவர்களும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போய்விட்டவர்களுமாக நூற்றுச் சொச்சம் பேர் பேசிக்கொள்வதற்கு, நிலையத்துத் தம்பி ஒருவர் மட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை முறையில் ஓடுகிற சினாப்ஸ் என்ற சேர்வரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு வருடமாக ஓடுகிறது. இப்போது நிலையத்தில் இரண்டு கட்சி. "ஓடுவதைக் குழப்பாதே" என்கிறது ஒன்று. "வாரத்துக்கு வாரம் அப்டேட் செய்" என்கிறது மற்றது. நடுவில் நின்று அவர் கேட்கிறார்: காசில்லாமல் கிடைக்கிற மென்பொருளுக்கு ஏன் இத்தனை அப்டேட், அதை யார் செய்கிறார்கள், நாங்கள் எவ்வளவுதான் செய்ய வேண்டும்?

தம்பி, குறுகிய பதில்: மாதம் ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். பாதுகாப்பு அறிவித்தல் வந்தால் அன்றிரவே செய்யுங்கள். தொடுவதற்கு முன் பேக்கப் எடுங்கள். இது போதும் என்றால் இத்துடன் எழும்பிப் போகலாம். காரணமும் வேண்டும் என்றால் ஒரு பிளேன்ரீ ஊற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். கொக்குவிலில் இருந்துகொண்டு முதலில் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பழைய அரட்டை நெறிமுறை, பிறகு மட்ரிக்ஸ் என்று பன்னிரண்டு வருடமாகச் சேர்வர் மேய்த்தவன் நான். சொல்லப்போவதில் பாதி, பட்டுத் தெளிந்தது.

"குழப்பாதே" என்கிற கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எழுதிவைத்த கோட் தானாகக் கெட்டுப்போவதில்லை. ஆனால் அது நிற்கிற தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. சினாப்ஸ் பைதன் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. 2022 இலிருந்து சில பகுதிகள் ரஸ்ட் என்ற இன்னொரு மொழியில். தரவுகள் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் கிடக்கின்றன. பைதனும் சரி போஸ்ட்கிரெஸும் சரி, ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்து வருடம்தான் திருத்தம் தருவார்கள். பைதன் 3.9 இன் காலம் 2025 ஒக்டோபரில் முடிந்தது, போஸ்ட்கிரெஸ் 13 இன் காலம் அடுத்த மாதமே முடிந்தது. அவர்கள் கைவிட்டதைச் சினாப்ஸும் கைவிடும். அதுதான் அவர்களுடைய கொள்கை. ஆகவே நீங்கள் சேர்வரைத் தொடாமல் இரண்டு வருடம் இருந்தால், பிறகு ஒரு நாள் ஒரு அவசரத் திருத்தம் வரும்போது அதைப் போட முடியாது. அதற்கு முதலில் பைதனை ஏற்ற வேண்டும், பைதனுக்காக டெபியன் என்ற இயங்குதளத்தை ஏற்ற வேண்டும், டெபியனோடு போஸ்ட்கிரெஸும் ஏறும். சின்னச் சின்னதாகச் செய்திருந்தால் ஒவ்வொன்றும் பத்து நிமிடம். சேர்த்து வைத்தால் ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போகும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

அரட்டை மென்பொருளின் வரலாற்றைப் பார்த்தாலும் இதே கதைதான். 1988 ஓகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை எழுதினார். அதன் சந்ததிச் சேர்வர்கள் இன்றும் ஓடுகின்றன. எக்ஸ்.எம்.பி.பி. சேர்வரான ஈஜாபர்டி 2002 இல் தொடங்கியது. வட்ஸ்அப் ஆரம்பத்தில் அதை வைத்துத்தான் கட்டப்பட்டது. இன்னொரு எக்ஸ்.எம்.பி.பி. சேர்வரான புரொசொடி 2008. சினாப்ஸ் 2014. செய்தி அனுப்புவது, பெறுவது, அறை திறப்பது என்ற அடிப்படை வேலைகள் எல்லாம் முதல் சில வருடங்களிலேயே முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு ஓடிய காலத்தில் பெரும்பகுதி பராமரிப்புத்தான். எங்கள் ஊர்ப் பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அள்ளும் முறைக்குச் சண்டை பிடிக்காதவர் கிடையாது. கோடையில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குகிற அன்று ஆளைத் தேட வேண்டும். மென்பொருளிலும் அப்படித்தான். மொறட்டுவப் பல்கலைக்கழகம், மாணவர்கள் திறந்த மென்பொருளுக்குக் கோட் எழுதுகிற கூகுள் சம்மர் ஒப் கோட் திட்டத்தின் முதற் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய இடம். ஆனால் கோடைகாலத்தில் வந்து ஒரு புதிய வசதி எழுதிவிட்டுப் போவது வேறு, அந்த வசதியில் ஐந்து வருடம் கழித்து வருகிற பிழையைத் திருத்துவது வேறு. இரண்டாவதற்குச் சான்றிதழ் தருவார் இல்லை.

சரி, அப்டேட்டில் என்னதான் வருகிறது? பாதி, நீங்கள் ஒருநாளும் காணாத பிழைகளுக்கான திருத்தம். மீதியில் ஒரு பங்கு, நெறிமுறையே மாறுவது. இதற்கு நல்ல உதாரணம் 2025 ஓகஸ்டில் நடந்தது. மட்ரிக்ஸில் ஒரு அறை ஒரே சேர்வரில் இருப்பதில்லை. பங்குபற்றுகிற ஒவ்வொரு சேர்வரும் தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கும். ரொறன்ரோவில் ஒரு சேர்வர், உங்களுடையது ஒன்று என்றால், இடையில் இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டும்போது "இந்த அறைக்கு யார் நிர்வாகி, யார் வெளியேற்றப்பட்டவர்" என்பதில் இரண்டும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். அந்தக் கணக்கில் ஓட்டை இருந்தது. சில நேரம் அறை பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வெளியேற்றியவர் உள்ளே இருப்பார். அதைத் திருத்த அறைப் பதிப்பு 12 வந்தது. பல சேர்வர் மென்பொருள்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் வெளியிட்டன. கவனியுங்கள், சேர்வரை அப்டேட் செய்தால் மட்டும் பழைய அறைகள் மாறிவிடாது. அறை நிர்வாகி ஒவ்வொரு அறையையும் தனியாக மேம்படுத்த வேண்டும். உங்கள் பொது அறையை இன்னும் மேம்படுத்தவில்லை என்றால் அதைச் செய்யுங்கள், ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. இல்லாவிட்டால் "குரூப்பைக் காணவில்லை" என்று லண்டனில் இருந்து நடுச்சாமத்தில் போன் வரும்.

இன்னொரு பங்கு, கெட்ட எண்ணத்தோடு வருபவர்களைத் தடுப்பது. அன்ரியல்ஐஆர்சிடி என்ற ஐ.ஆர்.சி. சேர்வரின் தரவிறக்கக் கோப்பை 2009 நவம்பரில் யாரோ மாற்றி வைத்தார்கள். உள்ளே ஒரு பின்கதவு, அதாவது களவாக உள்நுழைகிற வழி. 2010 ஜூன் வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. பதிப்பு 3.2.8.1 என்ற பெயரோடு ஏழு மாதம் அது கிடந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் வெளியீடுகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் இதைவிட நுணுக்கமான ஒன்று: எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரல். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கிற, தனி மனிதர் ஒருவர் களைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்த திட்டம். உதவிக்கு வந்தவர் போல ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேலாக நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்ஏச் (தூரத்தில் இருந்து சேர்வருக்குள் போகிற வழி) உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்ட அந்திரெஸ் பிறொயின்ட் என்ற பொறியியலாளரால்தான் அது பிடிபட்டது. பெரும்பாலான சேர்வர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, தப்பினோம்.

இந்த இரண்டு கதையிலும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. யூடியூப்பில் யாரோ சொன்ன இடத்தில் இருந்து சினாப்ஸை இறக்காதீர்கள். திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து, அதன் கையொப்பச் சாவியோடு, டெபியனின் நிறுவும் கருவியான ஏபிடி வழியாகவே போடுங்கள். "வாரத்துக்கு வாரம்" கட்சிக்கும் இதில் பதில் இருக்கிறது: வந்த அன்றே எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. சினாப்ஸ் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிவருகிறது. சாதாரண வெளியீடு என்றால் ஒரு கிழமை ஆறப் போடுங்கள், மற்றவர்கள் விழுந்தெழும்பட்டும். வெளியீட்டுக் குறிப்பில் பாதுகாப்பு என்ற சொல் இருந்தால் ஆறப் போடக்கூடாது. திருத்தம் வெளிவந்த கணமே ஓட்டை எங்கே என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பைப் பூட்டிக் காக்கிற டிஎல்எஸ் சான்றிதழுக்கு, அதை இலவசமாகத் தருகிற லெட்ஸ் என்கிரிப்ட் பாவித்தேன், தொண்ணூறு நாள் ஆயுள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்தது. பழையது காலாவதியாவதற்குப் பல நாளுக்கு முன்பே புதிய கோப்பு டிஸ்க்கில் இருந்தது. ஆனால் புரொசொடிக்கு அதைச் சொல்வார் இல்லை. அது தொடங்கும்போது வாசித்த பழைய சான்றிதழையே கையில் வைத்துக்கொண்டிருந்தது. நல்லூர்த் தேரன்று காலையில் எல்லோருடைய போனும் இணைய மறுத்தது. நான் சனத்துக்குள் நசுங்கியபடி ஒரு கையில் போனைப் பிடித்து எஸ்எஸ்ஏச் செய்துகொண்டிருந்தேன், மனுசி பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தேவைப்பட்டது ஒரே வரி: புதுப்பித்தவுடன் சேர்வரை மீள ஏற்றும் ஒரு ஹூக். காலாவதியாகப்போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. ஆகவே வெளியில் இருந்து சான்றிதழின் திகதியைப் பார்த்துச் சொல்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்டை நீங்களே வைக்க வேண்டும். கோப்பைப் பார்க்கக்கூடாது, சேர்வரோடு இணைந்து அது காட்டுகிற சான்றிதழைப் பார்க்க வேண்டும்.

தரவுத்தளம்தான் அதிகம் பேச வேண்டிய இடம். நீங்கள் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் தொடங்கியிருந்தால், நூறு பேருக்கு அது தாங்காது. சினாப்ஸோடு வருகிற மாற்றும் கருவியால் போஸ்ட்கிரெஸுக்குப் போங்கள். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளத்தை உருவாக்கும்போது வரிசைப்படுத்தலை "சி" என்று கொடுக்கச் சொல்வார்கள். பலர் இதை விளங்காமல் தாண்டிவிடுவார்கள். காரணம் இருக்கிறது. மற்ற வரிசைமுறைகள் இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்தில் இருந்து வருகின்றன. 2018 இல் ஜிலிப்சி 2.28 வந்தபோது அந்த வரிசை மாறியது. பழைய வரிசையில் கட்டிய சுட்டிகள் (தேடலை வேகமாக்குகிற பட்டியல்கள்) புதிய வரிசையில் பொருந்தாமல், இருக்கிற வரியை இல்லை என்று சொல்லத் தொடங்கின. "சி" வரிசை பைட்டுகளை மட்டுமே பார்ப்பதால் இந்த வம்பில் மாட்டாது.

அப்புறம் வீக்கம். பல ஆயிரம் பேர் இருக்கிற பொது அறை ஒன்றில் உங்களில் ஒருவர் சேர்ந்தால் போதும், அந்த அறையின் நிலை வரலாறு (யார் சேர்ந்தார், யார் போனார், யார் நிர்வாகி என்பது) உங்கள் டிஸ்க்குக்கு வரத் தொடங்கும். நிலைக் குழு அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரிந்த சேர்வர்கள் எல்லாவற்றிலும் அதுதான் குண்டன். அதை இறுக்கிச் சுருக்குவதற்கென்றே ரஸ்டில் ஒரு தனிக் கருவி இருக்கிறது. பெரிய அறைகளில் சேர்வதையே தடுக்கிற அமைப்பும் இருக்கிறது. சிறிய சேர்வருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பேக்கப்பில் நான்கு சாமான் வேண்டும்: தரவுத்தளம், அமைப்புக் கோப்பு, படங்கள் கிடக்கிற கோப்புறை, கையொப்பச் சாவி. கடைசியை மறப்பவர்கள் அதிகம். அந்தச் சாவிதான் மற்றச் சேர்வர்களிடம் "நான்தான் அது" என்று சொல்கிறது. இன்னொரு நுணுக்கம்: குறியாக்கத்துக்கான ஒருமுறைச் சாவிகள் இருக்கிற அட்டவணையின் தரவைப் பேக்கப்பில் சேர்க்காதீர்கள். பழைய பேக்கப்பை மீட்டால், ஏற்கெனவே செலவழித்த சாவிகள் மீண்டும் விநியோகிக்கப்பட்டு, செய்திகள் திறக்காமல் போகும். எடுத்த பேக்கப்பை ஒருமுறையாவது வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். ஐப்பசி இடிக்கு என் வீட்டு ரவுட்டரும் பழைய சேர்வரும் ஒன்றாகப் போன வருடம், என்னிடம் பேக்கப் இருந்தது. மீட்க முயன்றபோதுதான் தெரிந்தது, டிஸ்க் நிறைந்து போனதால் கடைசி ஐந்து மாதமாகப் பூச்சியம் பைட் கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன் என்று.

இனி, பின்லாந்துக்காரரோ ஆங்கிலேயரோ எங்களுக்காகக் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் பற்றி. "யாழ்ப்பாணம்" என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் பதினொரு குறி, அதைச் சேமிக்கிற யூடிஎப்-8 முறையில் முப்பத்து மூன்று பைட். ஐ.ஆர்.சி. இல் ஒரு வரிக்கு எல்லாம் சேர்த்து 512 பைட்தான். யாழ்ப்பாணம் என்று பதினாறு தரம் எழுத இடமில்லை. மிஞ்சியதை வெட்டுகிற பழைய சேர்வர் எழுத்தின் நடுவிலேயே வெட்டும், கடைசியில் ஒரு கறுப்புப் பெட்டி வரும். "கொக்குவில்" என்பதில் "கொ" வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது ககரமும் எகரக் கொம்பும் காலும். திரையில் வித்தியாசம் தெரியாது. இயல்பாக்காமல் தேடுகிற மென்பொருளில் ஒன்றால் தேடினால் மற்றது அகப்படாது. ஸ்ரீ இன்னும் மோசம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருடைய பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது. அதை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். ஶகரம் யூனிகோடுக்குள் வந்தது 2005 இல், பதிப்பு 4.1 உடன். எக்ஸ்.எம்.பி.பி. இன் பழைய பெயர் விதியோ யூனிகோட் 3.2 ஐ வைத்து எழுதப்பட்டது. அந்த விதிப்படி ஶகரம் இன்னும் பிறக்கவே இல்லை. 2015 இல் வந்த ஆர்.எப்.சி. 7622 என்ற நெறிமுறை ஆவணம்தான் பெயர் விதியை ஒரே யூனிகோட் பதிப்போடு கட்டிவைக்கிற அந்தப் பழக்கத்தை விட்டது. தேடல் விடயத்தில் போஸ்ட்கிரெஸ் 12 இலிருந்து தமிழ்ச் சொல்லின் விகுதியைக் களைகிற அகராதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்பது வேறு, உங்கள் சேர்வர் அதைக் கேட்கிறது என்பது வேறு. "வீடு" என்று தேடி "வீட்டில்" வருகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

இதை நான் இவ்வளவு சொல்வது, யார் பராமரிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டதற்காக. சினாப்ஸின் முக்கிய வேலையைச் செய்வது எலிமென்ட் என்ற நிறுவனம், சம்பளத்துக்கு. பிரெஞ்சு அரசின் அரட்டைச் செயலியான சாப், ஜெர்மன் இராணுவத்தின் தூதுச் செயலி போன்றவை மட்ரிக்ஸில் ஓடுகின்றன. 2023 இன் இறுதியில் சினாப்ஸின் உரிமத்தை அப்பாச்சியில் இருந்து ஏஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். எடுத்து மாற்றி மற்றவர்களுக்குச் சேவையாக நடத்துபவர், மாற்றியதைத் திறந்து காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மாற்றாமல் ஓட்டுகிற உங்கள் நிலையத்துக்கு இதனால் ஒன்றும் இல்லை. புரொசொடி வேறு மாதிரி: கைவிரலில் எண்ணக்கூடிய சிலர், ஆறுதலான வேகம். 0.12 பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது, அடுத்த பெரிய பதிப்பான 13.0 வர 2025 மார்ச் ஆனது. மெதுவாகப் போகிறதே, செத்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். இடையில் சின்னத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நான் வெளியீட்டுத் திகதியைப் பார்ப்பதில்லை. கடைசியாக அறிவிக்கப்பட்ட பாதுகாப்புப் பிழைக்கு எத்தனை நாளில் பதில் வந்தது என்று பார்ப்பேன். வசதிப் பட்டியலை விட அது முக்கியம்.

நிலையத்தில் இருந்து நீங்கள் திருப்பிக் கொடுக்கக்கூடியதும் அங்கேதான் இருக்கிறது. கோட் எழுதத் தேவையில்லை. பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறை போகிற பஸ்ஸில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது செய்தி இரண்டு தரம் வருகிறதா, தொலைகிறதா என்று பார்த்து, சேர்வர் லொக்கோடு, பதிப்பு எண்ணோடு, எப்படிச் செய்தால் மீண்டும் அந்தப் பிழை வரும் என்ற படிகளோடு ஒரு அறிக்கை போட்டால், அது பத்து நன்றிக் கடிதத்துக்குச் சமம். "வேலை செய்யவில்லை, உடனே திருத்தவும்" என்று எழுதுவது கிணற்றடியில் நின்று சத்தம் போடுகிற மாதிரி.

சேர்வரை வாசிகசாலைக் கணினியில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் நாடு முழுக்கத் தடுத்தபோது சொந்தச் சேர்வர் வைத்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள், உண்மை. ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டும் இருந்தது. சேர்வர் வாசிகசாலைக் கணினியில் இருந்திருந்தால் பற்றரி தாங்கியிருக்காது. போதாததற்கு எங்கள் 4ஜி இணைப்புகள் பெரும்பாலும் பொது ஐபி (வெளியில் இருந்து நேரே எட்டக்கூடிய முகவரி) இல்லாதவை. வெளியில் ஒரு வாடகைச் சேர்வர் எடுத்து, பேக்கப்பின் ஒரு பிரதியை மட்டும் நிலையத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மென்பொருள் திட்டங்களில் "எத்தனை பேரை பஸ் அடித்தால் வேலை நின்றுபோகும்" என்று ஒரு கணக்குக் கேட்பார்கள். எங்கள் ஊரில் பஸ்ஸுக்குப் பயப்படத் தேவையில்லை, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பயப்பட வேண்டும். உங்களுக்கு விசா வந்தால் இந்தச் சேர்வர் யாருடையது? டொமைன் பெயருக்கு வருடா வருடம் யாருடைய கார்டில் காசு போகிறது? சினாப்ஸில் சேர்வர் பெயரைப் பிறகு மாற்ற முடியாது, டொமைன் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே இந்த வாரமே இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, உங்கள் கை படாமல் அடுத்த அப்டேட்டை அவரைக் கொண்டு செய்வியுங்கள். ரூட் (சேர்வரின் முழு அதிகாரக் கணக்கு) கடவுச்சொல், டொமைன் கணக்கு, பேக்கப் இருக்கிற இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நிலையத்துப் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இருக்கிற அதே அலுமாரியில் வையுங்கள். அலுமாரித் திறப்புத் தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று.